இசக்கியின் இரண்டு பிள்ளைகள்: கைக்குழந்தையின் மனதைப் பற்றி

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் குமரி மாவட்டத்துக்குள் நுழைந்தால், காற்றாலைகளை அடுத்துக் கண்ணில் படுவது முப்பந்தல் இசக்கியம்மன் கோயில். அது பெரிய கோயில். நான் சொல்ல வருவது எங்கள் பக்கத்துப் பனைவிளைகளிலும் குளத்தங்கரைகளிலும் கூரைகூடச் சரியாக இல்லாமல் நிற்கும் சின்ன இசக்கிகளைப் பற்றி. சுடுமண்ணில் செய்து வண்ணம் பூசிய அந்த உருவங்களில் சிலவற்றில் இசக்கி ஒரு பிள்ளையை இடுப்பில் அணைத்திருப்பாள். இன்னொரு பிள்ளை அவள் வாயில், பல்லுக்கு இடையில் இருக்கும். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவதும் மண்பிள்ளை வாங்கி வைப்பதும் அவளிடம்தான்.

"ரெண்டும் ஒரே பிள்ளையா பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "சாமியப் பாத்து அப்பிடியெல்லாம் கேக்கப்பிடாது மக்ளே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெகுகாலம் கழித்து, குழந்தைகளின் மனதை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைன் எழுதியதைப் படிக்க நேர்ந்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பால் கொடுக்கும் ஒரே தாயைக் கைக்குழந்தை முதலில் இரண்டு பேராக அனுபவிக்கிறது, ஒருத்தி காப்பவள், ஒருத்தி தின்பவள் என்கிறார் க்ளைன். படித்த பலருக்கு அது அருவருப்பாக இருந்திருக்கிறது. இசக்கியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது புதிதாக இல்லை. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலையைச் செய்தவர் வளர்ந்த மனிதர். அவர் கற்பனையில் இருப்பது பிறந்த பிள்ளையின் மனதிலும் இருக்கும் என்பதற்குச் சிலை சாட்சி ஆகாது. ஆனால் இப்படி ஒன்றை மனிதர்கள் நினைத்துப் பார்க்க முடியும் என்பதற்குச் சாட்சிதான்.

இந்தச் சிந்தனை மரபுக்குத் தமிழில் ‘பொருள் உறவுக் கோட்பாடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டதும் பாத்திரம் பண்டம் என்று தோன்றும். இலக்கண வகுப்பில் படித்த செயப்படுபொருளை நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஆசையோ கோபமோ பயமோ யாரை நோக்கிப் போகிறதோ, அந்த ‘யாரை’ என்ற கேள்விக்கு விடையாக வருவதுதான் இங்கே பொருள். அது முழு மனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. மார்பாக இருக்கலாம், ஒரு குரலாக இருக்கலாம், நெற்றியைத் தடவும் கையாக இருக்கலாம். குழந்தைக்கு முதல் வாரங்களில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்ற பிரிவே தெளிவாக இருக்காது என்பது இந்த மரபில் பலருடைய எண்ணம். குழந்தை தேடுவது வாய்ச் சுகத்தையல்ல, ஆளை என்று எடின்பரோவில் இருந்த ரொனால்ட் ஃபேர்பெர்ன் 1940-களில் எழுதியது உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டிடமிருந்து ஒரு பெரிய விலகல்.

க்ளைன் 1882-ல் வியன்னாவில் பிறந்தவர். 1926-ல் லண்டனுக்கு வந்து, 1960-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சின்ன மரப்பொம்மைகளையும் தாளையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து அவர்களுடைய பயங்களைப் படித்தார். அந்தப் பிள்ளைகளில் மிகச் சிறியவர்களுக்கே இரண்டு, மூன்று வயது. அங்கே கண்டதைக் கொண்டு பின்னோக்கிக் கணித்துத்தான் பிறந்த குழந்தையின் மனதைப் பற்றி எழுதினார். இந்த இடத்தில்தான் பிற்பாடு அவர்மேல் அடி விழுந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் சொன்னதன் மையத்தைப் பிடிக்கத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது. பசித்தால் நாம் "பசி வயிற்றைக் கிள்ளுது" என்கிறோம். உணவு இல்லை என்று சொல்லுவதில்லை. ஏதோ ஒன்று உள்ளே வந்து கிள்ளுகிறது என்கிறோம். நமக்கு அது பேச்சு வழக்கு. ‘இல்லை’ என்ற எண்ணமே இன்னும் உருவாகாத குழந்தைக்கு அதுதான் நிஜம் என்கிறார் க்ளைன். அம்மா இல்லாத நேரம் என்ற ஒன்று அதற்குக் கிடையாது. கிள்ளுகிற, கடிக்கிற ஒரு கெட்ட மார்பு வந்திருக்கிறது. பால் வந்ததும் கெட்டது போய் நல்லது வருகிறது. உடம்பில் நடப்பது மனதில் இப்படி ஆளும் செயலுமாக உருவம் எடுப்பதைத்தான் அவருடைய சக ஆய்வாளர் சூசன் ஐசக்ஸ் நனவிலிக் கற்பனை என்று விளக்கினார். குழந்தை உட்கார்ந்து கதை கட்டுகிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

இப்படி நல்லதையும் கெட்டதையும் வெட்டிப் பிரித்து வைக்கும் முதல் மூன்று, நான்கு மாதத்து மனநிலையைத் தமிழில் துன்புறுத்தல்-பிளவு நிலை எனலாம். 1946-ல் க்ளைன் அதை விரிவாக எழுதினார். இதை நோயாகப் படிப்பதுதான் நம் ஊரில் நடக்கும் முதல் தவறு. பிரித்து வைத்தால்தான் நல்லது பத்திரமாக இருக்கும். பாலும் விஷமும் ஒரே கிண்ணத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த உயிரும் குடிக்காது. தன்னால் தாங்க முடியாததை வெளியே தள்ளி, அது அம்மாவிடம் இருப்பதாக உணர்வதும் இந்தக் கட்டத்தின் வேலை. கோபம் என்னுடையது என்று தெரியாது. கோபமான ஒருத்தி என்னைப் பார்க்கிறாள் என்று தெரியும்.

ராத்திரி இரண்டு மணிக்கு இதை நேரில் பார்க்கலாம். தக்கலைப் பக்கத்தில் என் அக்கா மகளுடைய பிள்ளைக்கு அப்போது ஆறு வாரம். பசித்து அழ ஆரம்பித்து, பால் கொடுக்க ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. மார்பில் வைத்ததும் குடிக்கும் என்றுதானே நினைப்போம்? முதுகை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாலைத் தள்ளிக் கத்தியது. "பால் வாயில இருக்கு, குடிக்க மாட்டேங்குது, என்னத்துக்குக் கரையுதுண்ணே தெரியல" என்று அந்தப் பெண்ணும் அழுதாள். க்ளைனின் கணக்குப்படி, வந்திருப்பது பால் கொடுக்கிறவள் என்று அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தெரியாது. இவ்வளவு நேரம் கிள்ளிக்கொண்டிருந்தவள் இப்போது வாய்க்குள்ளேயே வந்துவிட்டாள். பாட்டி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு நடந்து, அழுகை அடங்கியபின் திருப்பிக் கொடுத்தாள். குடித்தது. வயிற்றில் வாயு என்றாள் பாட்டி. அதுவும் இருக்கலாம், ஒன்றை ஒன்று மறுக்க வேண்டியதில்லை.

நான்கு, ஐந்து மாதத்துக்குப் பிறகு வேறொரு மனநிலை தலையெடுக்கிறது. கிள்ளியவளும் கொடுத்தவளும் ஒரே ஆள் என்று பிள்ளைக்கு மெல்லத் தெரிய வருகிறது. அப்படியென்றால் நான் கடித்ததும் வெறுத்ததும் எனக்குப் பிரியமானவளைத்தானா? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? பயத்தின் இடத்தில் கவலை வருகிறது, கூடவே சரிசெய்துவிட வேண்டும் என்ற தவிப்பும். இதற்குக் க்ளைன் வைத்த பெயரை நேராகத் தமிழாக்கினால் மனச்சோர்வு நிலை என்று வரும். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுக்கும் நோய் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் நான் துயர நிலை என்றே சொல்கிறேன். இரண்டாவதாக வரும் இந்த நிலையைத்தான் அவர் முதலில், 1935-ல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய மகன் ஹான்ஸ் மலையில் விபத்தில் இறந்திருந்தார்.

நிலை என்ற சொல்லைக் க்ளைன் தெரிந்தே எடுத்தார். பருவம் என்றால் தாண்டிப் போய்விடலாம். நிலை அப்படி அல்ல, வாழ்நாள் முழுக்கப் போய்ப் போய்த் திரும்பும் இடம். சொத்துத் தகராறில் அண்ணன் ராட்சசன் ஆகிவிடுவதும், சாவு வீட்டில் அதே அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுவதும் ஐம்பது வயதில் நடக்கிறது.

பால் மறக்கடிப்பதை எங்கள் ஊரில் எப்படிச் செய்வார்கள் என்று தெரிந்தவர்களுக்கு க்ளைன் இன்னும் நெருங்கி வருவார். முலைக்காம்பில் சென்னிநாயகத்தை, அதாவது கற்றாழைச் சாற்றை உலர்த்தி எடுத்த கசப்பு மருந்தை, குழைத்துத் தேய்ப்பார்கள். சில வீடுகளில் வேப்பிலை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை ஓடிவந்து வாயை வைத்ததும் குமட்டித் துப்பும். நல்ல மார்பைக் கையாலேயே கெட்ட மார்பாக மாற்றுகிற வேலை இது. ஆனால் உடனே நடப்பதைப் பாருங்கள். "அய்ய, கைக்குது! சீ, இது வேண்டாம்!" என்று அம்மாவும் பிள்ளையோடு சேர்ந்துகொண்டு மார்பைத் திட்டுவாள், பிள்ளையை அணைத்துக்கொள்வாள். கசப்பது மார்பு, கட்டிக்கொள்வது அம்மா. பிள்ளை ஒருவேளை ஒட்ட ஆரம்பித்திருந்த இரண்டையும் வீடே மறுபடி பிரித்துக் கொடுக்கிறது, அம்மாவைக் காப்பாற்றுவதற்காக. இந்த முறை நல்லதா என்று கேட்டால், எனக்கு உடன்பாடில்லை; மெல்ல மெல்லக் குறைப்பதுதான் பிள்ளைக்கு இதம். ஆனால் அதைக் கண்டுபிடித்த கிழவிக்குக் குழந்தை மனம் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

க்ளைனிடம் குழந்தையின் உள்ளே நடப்பதுதான் பெரும்பங்கு. வெளியே இருக்கும் உண்மையான அம்மா கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிவார். அதைத் திருத்தியவர் டொனால்ட் வின்னிகாட். அவர் குழந்தை மருத்துவர். லண்டனில் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் நாற்பது வருடம் வேலை பார்த்தார். குழந்தை என்று தனியாக ஒன்று இல்லை என்பது அவருடைய பேர்போன வாக்கியம். குழந்தையைக் காட்டு என்றால், கூடவே அதைத் தாங்கும் ஒருவரையும் காட்டித்தான் ஆக வேண்டும். 1956-ல் அவர் எழுதியது இது: பிரசவத்துக்கு முந்திய சில வாரங்களிலும் பிந்திய சில வாரங்களிலும் தாய்க்கு ஒரு விசேஷ மனநிலை வருகிறது, குழந்தையைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படாது, குழந்தை மட்டும் இல்லாவிட்டால் அதை நோய் என்றே சொல்லிவிடலாம், பிறகு அவள் அதிலிருந்து மீண்டு அதை மறந்தும் விடுகிறாள்.

எங்கள் பக்கத்து நாற்பத்தோரு நாள் கணக்கு அங்கேதான் எனக்கு அர்த்தமாகிறது. அம்மை வீட்டில் பெண்ணை இருத்தி, பேறுகால மருந்து கொடுத்து, வேறு வேலை எதுவும் வைக்காமல் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு வயதான அக்கா வருவாள். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயைத் தலைமுதல் கால்வரை தேய்த்து, கமுகம்பாளையில் படுக்கவைத்துக் குளிப்பாட்டுவாள். பிளாஸ்டிக் டப் வருவதற்கு முன்பு வீட்டுக்கு வீடு பாளைதான். படகுபோல இரண்டு பக்கமும் உயர்ந்து, முதுகோடு ஒட்டி வளைந்து கொடுக்கும். பிறந்த பிள்ளையை வெறும் தரையில் வைத்தால் கை இரண்டையும் விரித்து ஞெட்டும், அதாவது திடுக்கிடும், விழப்போகிறதுபோல. மருத்துவர்கள் இதை மோரோ அனிச்சை என்பார்கள்; நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். பாளையில் வைத்தால் அவ்வளவாக ஞெட்டாது. தாங்கிப் பிடிக்க ஆளில்லாத குழந்தையின் பயங்களை வின்னிகாட் பட்டியலிட்டிருக்கிறார்: துண்டு துண்டாகச் சிதறுவது, முடிவில்லாமல் விழுந்துகொண்டே இருப்பது, உடம்போடு தொடர்பற்றுப் போவது, திசையற்றுப் போவது. வளர்ந்தவர்களிடம் இவை நோயாக வரும்போதுதான் எவ்வளவு பயங்கரம் என்று தெரியும். ஒரு கையும் பாளையும் சேர்ந்து தினமும் காலையில் அதைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன.

தாங்குவது என்று வின்னிகாட் சொல்லும்போது தாயை யார் தாங்குவது என்ற கேள்வியையும் விடவில்லை. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடல் தங்கலுக்குப் போனவர் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். வளைகுடாவுக்குப் போனவருக்கு வருடக்கணக்கு. அந்த வீடுகளில் வின்னிகாட்டின் ‘போதுமான அளவு நல்ல தாய்’ ஒரு தனி ஆளாக இருக்க முடியாது. பாட்டி, கொழுந்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று முறை வைத்து மாறும் கைகளின் கூட்டாகத்தான் இருப்பாள். கோட்பாடு எழுதப்பட்ட லண்டன் வீட்டில் அது கணக்கில் வரவில்லை; நம் வீட்டுக்கு அதைக் கொண்டுவரும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1949-ல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், சாதாரணத் தாய் தன் பிள்ளையை ஆரம்பத்திலிருந்தே வெறுப்பதற்கான காரணங்களை வின்னிகாட் வரிசையாக அடுக்குகிறார். காம்பைப் புண்ணாக்குகிறது. சம்பளமில்லாத வேலைக்காரியாக நடத்துகிறது. அம்மா ஊட்டினால் சந்தேகப்பட்டுத் துப்புகிறது, ஆனால் அத்தை ஊட்டினால் ஒழுங்காகச் சாப்பிடுகிறது. இந்தக் கடைசிக் காரணத்துக்குச் சிரிக்காத குமரிப் பெண்ணை நான் பார்த்ததில்லை. வெறுத்தும் அதைப் பிள்ளைமேல் காட்டாமல், அதற்குக் கூலியும் கேட்காமல் காத்திருப்பதுதான் தாயின் அபாரமான திறமை என்பது அவருடைய வாதம். தாய்ப்பாசத்தைப் பற்றி நாம் மேடைகளில் பேசுகிற பேச்சில் இசக்கியின் வாயில் இருக்கும் பிள்ளைக்கு இடமே இல்லை. சிலையில் இருக்கிறது.

தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனின் டாவிஸ்டாக் மனநல மருத்துவமனையில் 1948-லிருந்து உளப்பகுப்பாய்வாளர் எஸ்தர் பிக் ஒரு பயிற்சியை நடத்தினார். படிப்பவர்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், ஒரு வீட்டுக்குப் போய்க் குழந்தையைச் சும்மா பார்க்க வேண்டும். அறிவுரை கூடாது, குறிப்பெடுப்பதும் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். இப்படிப் பிறந்ததிலிருந்து இரண்டு வயதுவரை. க்ளைன் பின்னோக்கிக் கணித்ததை இவர்கள் முன்னாலிருந்து பார்த்தார்கள். 1968-ல் பிக் எழுதியதன் சாரம்: குழந்தையின் மனத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிவைப்பது முதலில் தோல்தான், அதுவும் வாயில் காம்பும் காதில் குரலும் மூக்கில் பழகிய மணமும் சேர்ந்து இருக்கும்போது. அது வாய்க்காதபோது குழந்தை தானே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். விளக்கையே வெறித்துக் கிடக்கும், உடம்பை விறைத்துக்கொள்ளும். சேலைத் தொட்டிலில் ஏன் உடனே உறங்குகிறது, கட்டிலில் விரித்துப் போட்டால் ஏன் சிணுங்குகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம் இது. லைட்டைப் பார்க்கும் பிள்ளையெல்லாம் கைவிடப்பட்ட பிள்ளை என்று மட்டும் யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு லைட் பிடிக்கும்.

இதே மரபில் வந்த உளப்பகுப்பாய்வாளர் வில்ஃப்ரெட் பியோன் 1897-ல் மதுராவில் பிறந்தவர், வடக்கே இருக்கும் மதுரா. ஆயா கையில் வளர்ந்து, எட்டு வயதில் இங்கிலாந்துப் பள்ளிக்குத் தனியாக அனுப்பப்பட்டவர். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தார். சொல்லில் வராத பயத்தைப் பற்றி அவர் எழுதியது வெறும் வாசிப்பிலிருந்து வந்ததாகத் தோன்றாது. பிள்ளைக்குச் செத்துப்போகிறோம் என்ற பயம் வருகிறது. அதை அழுகையாக அம்மாவுக்குள் கொட்டுகிறது. அவள் பயந்து ஓடாமல் அதை வாங்கி, உள்ளே வைத்து, செரித்து, தாங்கக்கூடியதாக்கித் திருப்பித் தருகிறாள். பிள்ளை தன் பயத்தோடு அதைச் செரிக்கும் திறமையையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. சிந்திப்பது அங்கே தொடங்குகிறது. அவள் வாங்க மறுத்தால், பயம் அதிலிருந்த கொஞ்ச அர்த்தத்தையும் இழந்து, பெயரில்லாத அச்சமாகத் திரும்பி வருகிறது. 1962-ல் அவர் இதை எழுதினார்.

பெயரில்லாத என்ற சொல்லைப் படித்ததும் எனக்குத் தாலாட்டு ஞாபகம் வந்தது. "ஆரு அடிச்சா மக்ளே? மாமன் அடிச்சானா? அத்தை அடிச்சாளா?" என்று அழும் பிள்ளையிடம் கேட்பது நம் தாலாட்டுகளின் பழைய வழக்கம். யாரும் அடிக்கவில்லை என்று கேட்பவளுக்குத் தெரியும். அழாதே, ஒன்றுமில்லை என்று அவள் சொல்லவில்லை. அடித்தது உண்மை என்று ஒப்புக்கொள்கிறாள். உருவமில்லாமல் கிள்ளியதற்கு மாமன், அத்தை என்று பெயர் வைக்கிறாள். அடித்த கோலைப் பூச்செண்டாக்கிவிடுகிறாள். வாங்குவது, செரிப்பது, திருப்பித் தருவது மூன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. பியோனின் அருவமான குறியீடுகளோடு மல்லுக்கட்டிய வருடங்களில் இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இனி எதிர்வாதம். 1941 முதல் 1945 வரை, லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் க்ளைன் தரப்பும் ஃப்ராய்டின் மகள் ஆனா ஃப்ராய்ட் தரப்பும் மோதிக்கொண்டன. இவ்வளவு சிக்கலான கற்பனை சில மாதக் குழந்தைக்கு எப்படி முடியும் என்பதுதான் கேள்வி. விவாதம் முற்றியிருந்த ஒரு கூட்டத்தில் வின்னிகாட் எழுந்து, வெளியே விமானத் தாக்குதல் நடக்கிறது என்று ஞாபகப்படுத்தினார் என்று ஒரு கதை உண்டு. கடைசியில் சங்கம் மூன்று குழுவாகி ஒரே கூரையின் கீழ் தொடர்ந்தது.

கனமான அடி ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தது. பிறந்து மூன்று நாளுக்குள் குழந்தை அம்மாவின் குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்தறிந்து அதையே விரும்புகிறது என்று 1980-ல் காட்டினார்கள். உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனையில், பேசிச் சிரித்துக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்கிறாள். பிள்ளை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது, ஒன்றும் பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சில மாதப் பிள்ளைக்கே எதிரில் இருப்பது ஓர் ஆள் என்று நன்றாகத் தெரிகிறது. இவற்றையெல்லாம் சேர்த்து மனநல மருத்துவர் டேனியல் ஸ்டெர்ன் 1985-ல், தானும் பிறரும் கலந்து கிடக்கும் ஆரம்பக் கட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று வாதிட்டார். குழந்தைகளுக்கான உளச்சிகிச்சையாளர் ஃப்ரான்சஸ் டஸ்டின், எல்லாக் குழந்தைக்கும் இயல்பாகவே வெளியுலகத்தோடு தொடர்பற்ற ஒரு தொடக்கக் கட்டம் உண்டு என்று தான் முன்பு எழுதியது தவறு என்று 1990-களில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்தத் துறையில் அது அபூர்வம்.

என் கணக்கில், மாதத் தேதிகளில் க்ளைன் தோற்றுவிட்டார். இந்த மாதம் பிளவு, அந்த மாதம் துயரம் என்று அட்டவணை போட முடியாது. நிலைகளின் விவரிப்பில் அவர் தோற்கவில்லை. வயிறு நிறைந்து விழித்துக் கிடக்கும் பிள்ளையைத்தான் ஆய்வுக்கூடம் பார்த்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தும் பிள்ளையை அங்கே யாரும் அழைத்துப் போவதில்லை.

இந்தக் கோட்பாடு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் பயன்பட்டிருக்கிறது. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் "நீ சரியா கொஞ்சல, போனையே பாத்துக்கிட்டிருந்தா" என்று மருமகளைச் சொல்லும் வீடுகள் இங்கே உண்டு. தாயின் அன்பின்மைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மேல்நாட்டில் மருத்துவர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். அது தவறு என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் அழுதுகொண்டே இருக்கும் பெண்ணுக்கும் தேவைப்படுவது டாக்டரும் கூட இருக்க ஆளும்.

அக்கா மகளுடைய பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பால் குடித்துக்கொண்டிருந்தது, நறுக்கென்று கடித்துவிட்டது. "அம்மே!" என்று அவள் அலறினாள். பிள்ளை வாயை எடுத்து, அவள் முகத்தையே பார்த்தது. அவள் முகம் வலியில் சுருங்கியிருந்தது. பிள்ளையின் கீழுதடு பிதுங்கியது, துடித்தது, பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே கையை நீட்டி அவள் தாடையைத் தொட்டு, ஈரமான இரண்டு விரலை அவள் வாய்க்குள் வைக்கப் பார்த்தது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"கடிச்சதும் இதுதான், கரையதும் இதுதான்" என்றாள்.